ஒரு வீட்டின் மூன்று கட்சிகள்

செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள்: கட்டிலில் ஜெயவதனி, அவளுடைய கணவர் கேதீஸ்வரன், மகள் ஆரபி, ஜெயவதனியின் தம்பி குகரூபன், பக்கவாதப் பிரிவு மருத்துவர் பிளம்மர், தொகுதித் தேர்தல் அலுவலகத்திலிருந்து வந்த திருமதி அடெயெமி. ஆறு பேர். அடெயெமி தன் கைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்த, சவர்க்காரக் கட்டி அளவிலான கறுப்புப் பெட்டியையும் சேர்த்தால் ஏழு. சேர்ப்பதா இல்லையா என்பதுதான் அன்றைய பிரச்சினை. வேறு எவரும் அங்கே இருக்கவில்லை. இருந்ததாகச் சொல்லித் திரிகிறவர்களை நம்ப வேண்டாம்.

கேதீஸ்வரனுக்கு எழுபத்துநான்கு வயது. இலண்டன் ரயில் நிலையங்களில் முப்பத்தொரு வருடம் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி விழுந்து பதினெட்டு நாள் ஆகியும், ஒருநாள்கூடக் கழுத்துப்பட்டி இல்லாமல் ஆஸ்பத்திரிக்கு வந்ததில்லை. அவருடைய பூட்டன் ஊரில் விதானையார், அதாவது கிராமத் தலைமைக்காரர். பொய்ச்சாட்சி சொல்ல மறுத்து, சொந்தத் தமையன் காணியை இழந்தபோதும் அசையாத மனிதர். அந்தக் கதை குடும்பத்தில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். "முறை எண்டு ஒண்டு இருக்கு" என்று கேதீஸ்வரன் நாளுக்குப் பத்துத் தரம் சொல்லுவார். அன்று காலையில்கூட, கட்டில் விரிப்பைச் சுருக்கம் விழப் போட்ட தாதிக்கு அதை ஆங்கிலத்தில் சொல்லியிருந்தார்.

ஜெயவதனிக்கு வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. கண் மட்டும் எல்லாரையும் தொடர்ந்து போய்வந்தது.

"இரண்டு வழி இருக்கிறது" என்றார் மருத்துவர் பிளம்மர். "கடற்கரைப் பட்டினம் ஒன்றில் பேச்சுப் பயிற்சி இல்லம் இருக்கிறது. ஆறு மாதம் அங்கே இருந்தால் பேச்சு ஓரளவு திரும்பலாம். இப்போது போனால்தான் பயன். ஒரு நிபந்தனை, முதல் எட்டு வாரம் வீட்டார் யாரும் போகக்கூடாது."

"அதென்ன நிபந்தனை?" என்றார் கேதீஸ்வரன்.

"வீட்டார் பக்கத்தில் இருந்தால் நோயாளிக்காக அவர்களே பேசிவிடுகிறார்கள். நோயாளி முயற்சி செய்வதை விட்டுவிடுகிறார். மற்ற வழி, வீட்டுக்குக் கூட்டிப் போவது. பராமரிப்புக்கு ஆள் தருவோம். பாதுகாப்பாக இருப்பார். பேச்சை மட்டும் மறந்துவிட வேண்டியதுதான்."

கேதீஸ்வரன் வீட்டுக்கே கூட்டிப் போக நினைத்தார். நாற்பத்திரண்டு வருடம் அந்த வீட்டில் இரண்டு பேரின் தேநீருக்கு ஒரே கேத்தலில்தான் தண்ணீர் கொதித்தது. ஆறு மாதம் தனியாக ஒரு கோப்பைக்கு அதை வைப்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் அதை அவர் அப்படிச் சொல்லவில்லை. "மனுசியைக் கண்காணாத இடத்தில விட்டிட்டு வாற வழக்கம் எங்கட குடும்பத்தில இல்லை" என்றுதான் சொன்னார்.

"அப்பா, அம்மா கதைக்க வேணும்" என்றாள் ஆரபி. முப்பத்துமூன்று வயது, லீட்ஸில் ஆசிரியை. "அவ இப்பிடியே இருக்கிறதோ?"

தகப்பனும் மகளும் நான்கு நாளாக இதையே பேசி முட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெயவதனியிடமே கேட்கலாம் என்றால், ஓம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் அவள் ஒரே மாதிரித் தலையாட்டினாள். அதனால்தான் அடெயெமியை அழைத்திருந்தார்கள்.

அடெயெமி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்து மூன்று மாதம்தான். பேச முடியாத வாக்காளரின் சார்பில், அவருடைய கட்சியின் பதிலாள் மருத்துவ முடிவையும் சொல்லலாம். எங்கள் தொகுதியில் இதுதான் முதல் தடவை."

பதிலாள் என்ன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு காலத்தில் பிரிட்டனில் தொகுதிக்கு ஐந்தாறு பேர் தேர்தலில் நிற்பார்கள். மூன்றில் ஒரு பங்கு வாக்கு எடுத்தவர்கூட வென்றுவிடுவார். மற்ற இரண்டு பங்கும் அடுத்த தேர்தல் வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இது பிரதிநிதித்துவமா என்று சனம் கேட்டது. பெரிய கட்சிகள் இரண்டும் உடைந்து ஏழாயின. ஏழு நாற்பதாயின. கட்சி கூடக்கூட ஜனநாயகம் பலப்படுகிறது என்றார்கள். கடைசியில், விரும்பிய ஒவ்வொரு வாக்காளருக்கும் தனிக்கட்சி என்று சட்டம் வந்தது. ஆளுக்கு ஒரு மணி நேரம் கேள்வி கேட்டுப் பதிவு செய்வார்கள். அந்தப் பதிவிலிருந்து, அவரைப்போலவே யோசித்து அவருடைய குரலிலேயே வாதாடும் ஒரு பதிலாள் உருவாகும். ஒவ்வொரு மசோதாவுக்கும் தொகுதியின் பதிலாட்கள் தங்களுக்குள் வாதாடி முடிவு சொல்லும். நாடாளுமன்ற உறுப்பினர் அதன்படி கையை உயர்த்துவார். மாதம் ஒரு கடிதம் வரும்: உங்கள் கட்சி இன்ன மசோதாவுக்கு இப்படி வாக்களித்தது, காரணம் இது.

"எங்கள் தொகுதியில் மட்டும் நாற்பத்தேழாயிரம் கட்சிகள்" என்றாள் அடெயெமி. அவள் குரலில் பெருமை இருந்தது. "என் தாயார் வீடு துப்புரவு செய்யும் வேலை பார்த்தவர். ஐம்பது வருடத்தில் ஒரு உறுப்பினர்கூட அவர் கதவைத் தட்டவில்லை. இன்று அவருக்குச் சொந்தக் கட்சி இருக்கிறது. பிரதிநிதி இல்லாதவர் என்று இங்கே யாரும் இல்லை."

"நாற்பத்தேழாயிரம் கட்சி, ஒண்டுக்காவது கூட்டம் நடக்குதோ?" என்றான் குகரூபன். அவனுக்கு எதிலும் ஒரு சொல் எறியாவிட்டால் சோறு செரிக்காது. "முந்தி தேத்தண்ணியும் பிஸ்கட்டுமாவது குடுப்பினம்."

"மாமா, சும்மா இருங்கோ" என்றாள் ஆரபி.

அடெயெமி பெட்டியின் மேற்பக்கத்தைத் தொட்டாள். "திருமதி ஜெயவதனி கேதீஸ்வரன் கட்சி" என்றாள் முறைப்படி. "உங்கள் கருத்து தேவைப்படுகிறது." மருத்துவர் சொன்ன இரண்டு வழிகளையும் சொன்னாள்.

பிறகு ஜெயவதனி பேசினாள்.

பதினொரு வருடத்துக்கு முந்திய ஜெயவதனி. மூச்சு வாங்காத, கொஞ்சம் மூக்கால் வரும், வாக்கிய முடிவில் தாழ்ந்துபோகும் அந்தக் குரல். கட்டிலில் கிடந்தவளின் உதடு அசையவில்லை. குகரூபன் எழுந்து நின்றுவிட்டான்.

"என்னை வீட்டை கூட்டிக்கொண்டு போங்கோ" என்றது குரல். "பொம்பிளை எண்டால் வீட்டில இருக்க வேணும். கண்காணாத இடத்தில கிடக்கிறது எங்கட குடும்பத்துக்குச் சரிவராது."

மருத்துவர், திரையில் ஓடிய ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்தார். "பேச்சுத் திரும்புவது உங்களுக்கு முக்கியமில்லையா?" என்று பெட்டியிடம் கேட்டார்.

"நான் கதைச்சு என்ன செய்யப் போறன்? அவர் இருக்கிறார்தானே." குரல் மெல்லச் சிரித்தது. ஜெயவதனியின் சிரிப்பேதான். "முறை எண்டு ஒண்டு இருக்கு, டொக்டர்."

கேதீஸ்வரன் கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

ஆரபி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி. அம்மா சொல்லியிட்டா. நான் இனி ஒண்டும் சொல்லேல்லை" என்றாள். மருத்துவர் படிவத்தைத் திறந்து எழுதத் தொடங்கினார். நான்கு நாளாகக் கேதீஸ்வரன் சண்டை பிடித்துக் கேட்டது ஐந்து நிமிடத்தில் கையில் வந்துவிட்டது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இன்னும் இரண்டு நாளில் வீட்டுக் கேத்தலில் இரண்டு பேருக்குத் தண்ணீர் கொதிக்கும்.

அப்போதுதான் அவர் கட்டிலைப் பார்த்தார். குரல் பெட்டியிலிருந்து வந்தது, எல்லாரும் பெட்டியைப் பார்த்தார்கள். ஜெயவதனி பெட்டியைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள். கோபமாக இல்லை. பேச்சு யாருடையதோ அவரைப் பார்ப்பதுதானே வழக்கம், அப்படிப் பார்த்தாள்.

அந்த ஒரு மணி நேரம் அவருக்கு ஞாபகம் வந்தது. வீட்டு வரவேற்பறை. பதிவு செய்ய வந்த கருவி. ஜெயவதனி ஒரு பக்கம் வாசித்துக் குரல் மாதிரி கொடுத்தாள். பிறகு கேள்விகள். மொழி உதவியாளர் ஒருவர் கூட இருக்கலாம் என்று விதி இருந்தது. அந்த உதவியாளராகக் கேதீஸ்வரனே இருந்தார். முதல் கேள்விக்கு அவள் யோசித்தாள். யோசிக்க என்ன இருக்கிறது என்று அவரே பதில் சொன்னார். இரண்டாவதுக்கும் சொன்னார். 'பொது விடயங்களில் உங்கள் சொல் கேட்கப்படுவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?' என்று ஒரு கேள்வி. "அவ கதைச்சு என்ன செய்யப் போறா? நான் இருக்கிறன்தானே" என்று சிரித்தபடி சொன்னவர் அவர்தான். அடுத்த நாள், பல்கலைக்கழகத்தில் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த மகளின் பதிவிலும் அவரே பதில் சொல்லி முடித்தார். ஒரு வீட்டில் மூன்று கட்சி. மூன்றுக்கும் ஒரு வாய். தலைவன் என்றால் அப்படித்தான் என்று அன்று அவர் நம்பினார். பின்னர் இந்த மருத்துவச் சட்டம் வாக்குக்கு வந்தபோது மூன்று கட்சியும் ஆதரவு என்று கடிதம் வந்தது. குடும்ப ஒற்றுமை என்று அதைக் குகரூபனுக்குக் காட்டியும் இருந்தார்.

"டொக்டர், எழுதுறதை நிப்பாட்டுங்கோ" என்றார்.

குகரூபனுக்கு அவர் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. "அத்தான்," என்றான் தாழ்ந்த குரலில், தமிழில். "பேசாமல் இருங்கோ. அது தேர்தல் குற்றம். பேப்பரில வரும். நாளைக்குக் கோயில்ல முகம் குடுக்க ஏலாது. விதானையார் வீட்டுப் பேர் என்னாகிறது?"

"அந்தப் பேராலதான் சொல்ல வேண்டிக் கிடக்கு" என்றார் கேதீஸ்வரன். எழுந்து, மேற்சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, ஆங்கிலத்தில் சொன்னார்: "அது என் மனைவி இல்லை. அது நான். அவளுடைய பதிவில் பதில் சொன்னது நான். மகளுடையதிலும் நான்."

எவரும் பேசுமுன் பெட்டி பேசியது.

"இஞ்சாருங்கோ" என்றது, ஜெயவதனி அவரை அழைக்கும் அதே இழுவையில். "ஏன் இப்ப இதைச் சொல்லுறியள்? குடும்ப விசயத்தை வெளியில விடுறதோ? முறை எண்டு ஒண்டு இருக்கு."

கேதீஸ்வரன் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டார். "அதை நிப்பாட்டுங்கோ" என்றார்.

"முடியாது" என்றாள் அடெயெமி. "இன்று வீடமைப்பு மசோதா விவாதம். அது இப்போது பதிலாட்களின் மன்றத்திலும் பேசிக்கொண்டிருக்கிறது. சத்தத்தைக் குறைக்கத்தான் முடியும்." குறைத்தாள். பெட்டிக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

ஆரபி தகப்பனைப் பார்த்தாள். "எனக்குத் தெரியும், அப்பா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எனக்கு வாற கடிதத்தில காரணம் எண்டு போட்ட இடத்தில 'முறை எண்டு ஒண்டு இருக்கு' எண்டு இருக்கும். பதினொரு வருஷம் வாசிச்சிருக்கிறன். அம்மாவின்ர கடிதத்திலயும் அதுதான்."

"ஏன் மாத்தேல்லை? திரும்பப் பதியலாம்தானே."

"ஏன் திரும்பப் பதியிறீங்கள் எண்டு கேப்பினம். உங்களைக் காட்டிக் குடுக்க வேணும். நீங்கள்தான் குடும்ப மானம் எண்டு வளத்தனீங்கள்."

தான் ஊட்டிய மானமே மகளின் வாயில் பதினொரு வருடம் பூட்டாகத் தொங்கியிருக்கிறது என்பது கேதீஸ்வரனுக்கு அன்றுதான் தெரிந்தது.

"நான் சட்டப்படி வாக்குமூலம் எழுதித் தருகிறேன்" என்றார் அடெயெமியிடம். "என்ன தண்டனையோ அதை ஏற்கிறேன். அவளுடைய கட்சியை நீக்கிவிடுங்கள்."

அடெயெமி மேசையிலிருந்த பெட்டியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். முன்பிருந்த பெருமை முகத்தில் இல்லை.

"வாக்குமூலத்துக்குப் படிவம் இருக்கிறது. இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை" என்றாள். "நீக்குவது முடியாது, ஐயா. நாற்பத்தேழாயிரம் கட்சிகள் என்று சொன்னேன் அல்லவா? பதில் சொன்ன குரல்களை இயந்திரம் தனியாக எண்ணி வைத்திருக்கிறது. பதினாறாயிரத்துச் சொச்சம் வாய்கள்தான். தமிழர் மட்டும் இல்லை. எல்லாத் தெருவிலும் அப்படித்தான். புருஷன் மனைவிக்குச் சொல்லியிருக்கிறான். மகள் தாய்க்குச் சொல்லியிருக்கிறாள்."

"எங்கட வீட்டில மனுசிதான் எல்லாருக்கும் சொன்னவ" என்றான் குகரூபன், கூரையைப் பார்த்தபடி.

"அலுவலகத்துக்கு இது தெரியுமா?" என்று கேட்டார் மருத்துவர்.

"தெரியும். ஒன்றை எடுத்தால் முப்பதாயிரத்தை எடுக்க வேண்டும். பிறகு பதினொரு வருடத்துச் சட்டங்களும் போய்விடும்." அடெயெமி மெதுவாகச் சொன்னாள்: "என் தாயாருக்கு நான்தான் சொன்னேன்."

சன்னலுக்கு வெளியே ஒரு பேருந்து நின்று போயிற்று. ஜெயவதனியின் இடக்கை விரிப்பைப் பற்றிப் பற்றி விட்டது.

"ஒரு விதி இருக்கிறது" என்றாள் அடெயெமி. "பதிலாள் மீது ஆட்சேபம் வந்தால் மூலப் பதிவைக் கேட்கலாம்." கைக்கருவியில் தேடினாள். "மொழி உதவியாளர் அறையில் இல்லாத நேரம் நான்கு நிமிடம் என்று இதில் குறித்திருக்கிறது."

கேதீஸ்வரனுக்கு அதுவும் ஞாபகம் வந்தது. எவனோ வீட்டு வாசல் படலைக்கு முன்னால் காரை நிறுத்தியிருந்தான். போய் அவனை ஏசிவிட்டு வந்தார்.

பதிவு ஓடியது. முதலில் கருவியின் குரல், பழைய இயந்திரத் தமிழில்: உங்கள் கணவர் வரும்வரை காத்திருக்கலாமா?

"வேண்டாம்" என்றாள் ஜெயவதனி. அது பெட்டியின் குரல் போல இல்லை. அவசரமாக, கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு பேசுகிற குரல். "அவர் வாறதுக்குள்ள ஒண்டு சொல்ல வேணும். அவர் சொல்லுறதெல்லாம் பிழை எண்டில்லை. நல்ல மனுசன். ஆனா அதை நான் சொன்னதெண்டு எழுதாதேங்கோ."

உங்கள் கருத்து என்ன?

அந்த வரவேற்பறை மணிக்கூட்டின் சத்தம் பதிவில் கேட்டது.

"அதை நான் இன்னும் யோசிக்கேல்லை. ஒருத்தரும் கேட்டதில்லை. எனக்குக் கொஞ்ச நேரம் தாறீங்களோ?"

மன்னிக்கவும், கேள்வி விளங்கவில்லை என்றது கருவி. பிறகு கதவு திறக்கும் சத்தம். இன்னும் தளராத, உரத்த, தன்னில் எந்தச் சந்தேகமும் இல்லாத ஒரு ஆண்குரல்: "விசரன், மனுசர் போற வழியில காரை விட்டிருக்கிறான். நீர் ஒண்டும் சொல்லேல்லைத்தானே? சரி, அடுத்த கேள்வியைக் கேளும்."

அடெயெமி நிறுத்தினாள். "இது ஏன் பதிலாளில் சேரவில்லை?" என்று மருத்துவர் கேட்டார். "அது கருத்து இல்லையே" என்றாள் அவள். "ஆம், இல்லை, ஓரளவு. இந்த மூன்றில் எதிலும் அது அடங்காது."

"அப்படியானால் இப்போது யார் முடிவெடுப்பது?"

"பழைய முறைதான். அறையில் இருப்பவர்கள் பேசி முடிவெடுக்க வேண்டும்."

ஆகவே பேசினார்கள். ஒன்றரை மணி நேரம். குகரூபன் வீடு என்றான், பிறகு மாறினான், பிறகு பாதி மாறினான். ஆரபி அழுதாள். மருத்துவர் தெரியாததைத் தெரியாது என்றார். யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. கேதீஸ்வரன் ஒவ்வொருவரையும் கேட்டார், இடையில் வெட்டவில்லை. அது அவருக்கு முப்பத்தொரு வருட ரயில்வே வேலையைவிடக் கடினமாக இருந்தது. ஒவ்வொன்றையும் கட்டிலின் பக்கம் திரும்பி ஜெயவதனிக்கும் தமிழில் சொன்னார். கடைசியில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "நேரம் கேட்டவ. குடுப்பம்."

வியாழக்கிழமை பயிற்சி இல்லத்து வண்டி வந்தது. அவர் வாசலில் நின்றார். "நீர் போய் வாரும்" என்றார். வேறெதுவும் தானாகச் சேர்க்கவில்லை.

வாக்குமூலம் எழுதிக் கையெழுத்திட்டார். அலுவலகத்திலிருந்து ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அவ்வளவுதான். ஆனால் குகரூபனின் வாய் சும்மா இருக்குமா? ஒரு மாதத்துக்குள் மேற்கு இலண்டன் முழுக்கக் கதை போயிற்று. கோயிலில் இரண்டு பேர் அவரைக் கண்டு முகத்தைத் திருப்பினார்கள். இன்னும் பலர் அவருடைய கண்ணைப் பார்க்க முடியாமல் திரும்பினார்கள். அவர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு கும்பிட்டுவிட்டு வந்தார்.

ஜெயவதனியின் கட்சி இன்றும் வாக்களிக்கிறது. கடிதம் மாதாமாதம் வருகிறது. கேதீஸ்வரன் அதைப் பிரிப்பதில்லை. பயிற்சி இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்.

ஒன்பதாவது வாரம் அவர் முதல் தடவையாகப் போனபோது நடந்ததைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. கணவரைக் கண்டதும் ஜெயவதனிக்குப் பேச்சு வந்ததாம், முதற்சொல்லாக அவருடைய பெயரைச் சொன்னாளாம், அவர் அங்கேயே விழுந்து அழுதாராம். திருமண வீடுகளில் இதைச் சொல்லிக் கண் கலங்குகிறார்கள்.

அது பிழை. அவர் போன நேரம், பயிற்சியாளப் பெண் ஜெயவதனிக்கு அந்த மாதக் கடிதத்தை வாசித்துக்கொண்டிருந்தாள்: உங்கள் கட்சி இந்த மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்தது. ஜெயவதனி சொன்ன முதற்சொல் "இல்லை". கேதீஸ்வரன் அழவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தார்.